போர்டு இல்லாத போர்டுக் கடை

கோயம்புத்தூர் ராஜ வீதியில் தேர்முட்டியைத் தாண்டினால் ஒரு சந்து பிரியும். நகைப் பட்டறைகள் இரண்டைக் கடந்து போனால் தையல் கடை, அதன் பக்கவாட்டில் ஓர் இரும்புப் படி. ஏறினால் முதல் மாடியில் இந்தக் கடை. பழைய விளம்பரப் படங்கள், எனாமல் போர்டு, தகர போர்டு, தீப்பெட்டி லேபிள், காலண்டர், இவைதான் சரக்கு. உள்ளே எப்படியும் இருநூறு போர்டு இருக்கும். வெளியே கடைக்கென்று ஒரு போர்டு கிடையாது. ஏன் தம்பி என்று கேட்டேன்.

"வெச்சிருந்தோமுங்க சார். ஒருத்தரு அதையே விலைக்குக் கேட்டாரு. நல்ல விலைங்க. குடுத்துட்டோம்."

அதனால் கடையின் பெயரை எழுத எனக்கு வழியில்லை. தையல்காரரைக் கேட்டால் கையைக் காட்டுவார்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஓவியம் பற்றி ஒன்றும் தெரியாது. கால்நடை ஆய்வாளராக 31 வருஷம் வெள்ளகோவில், மூலனூர், காங்கயம் என்று சுற்றி ஓய்வு பெற்றவன். படத்தில் மாடு இருந்தால் முதலில் மாட்டைப் பார்ப்பேன், அப்புறம்தான் படத்தை. இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன காரணம் மகள். பல்லடத்தில் சின்னதாகக் கால்நடை கிளினிக் திறந்தாள். "அப்பா, மருந்துக் கம்பெனி காலண்டர் ஒண்ணுகூடச் சுவத்துல வரக்கூடாது" என்று கண்டிஷன். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அந்தக் காலண்டர்களில் எல்லா மாடும் ஜெர்சி, இல்லாவிட்டால் கறுப்பு வெள்ளை ஹோல்ஸ்டீன். குளிப்பாட்டி, வால் நுனியைச் சீவி, பச்சைப் புல்வெளியில் நிற்கும். நம்ம கொறங்காட்டில், அதாவது வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் காட்டில், அப்படி ஒரு புல்வெளியை யார் கண்டார்கள்? பழைய விளம்பரங்களில் வந்த விலங்குப் படங்களை மாட்டலாம் என்பது அவள் யோசனை. தேடித் தேடி இந்தக் கடைக்கு வந்து சேர்ந்தேன். இதுவரை நான்கு தடவை போயாயிற்று.

கடை அப்பாவும் மகனுமாக நடத்துவது. மகன், நான் தம்பி என்று கூப்பிடுகிறவர், வெளிநாட்டுப் போஸ்டர்களின் மறுபதிப்பைப் பார்த்துக்கொள்கிறார், அப்பா பழைய அசல் சரக்கை. மறுபதிப்புகள் அகலமான இழுப்பறைகளில் அடுக்கி இருக்கும். நாமே இழுத்துப் பார்க்கலாம், "தொடாதீங்க" என்று ஒருவரும் சொல்வதில்லை. இதற்கே தனியாக ஒரு மார்க் போடலாம்.

முதலில் கையில் வந்தது நாய். எச்.எம்.வி. இசைத்தட்டில் வரும் நாய்தான். எங்கள் வீட்டில் அந்தத் தட்டுகளை நாய் மார்க் தட்டு என்றே சொல்வோம். அதன் பெயர் நிப்பர். 1884இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்தது. வருகிறவர்களின் கெண்டைக்காலைக் கவ்வுமாம், அதனால் வந்த பெயர். இந்த மாதிரி நாய்க்கு ஊசி போட்டுப் பழகியவன் என்பதால் அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு அதன்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. 1895இல் அது செத்த பிறகுதான் பிரான்சிஸ் பராட் என்ற ஓவியர் படத்தை வரைந்தார். முதலில் வரைந்தபோது நாய்க்கு முன்னால் இருந்தது கிராமபோனே இல்லை, உருளை சுற்றும் எடிசன் காலத்து போனோகிராப். கிராமபோன் கம்பெனிக்காரர்கள் 1899இல் "எங்கள் மெஷினை வரைந்து தந்தால் வாங்கிக்கொள்கிறோம்" என்றார்கள். பராட் பழையதன் மேலேயே பெயின்ட் பூசி, பித்தளைக் குழலோடு புது மெஷினை வரைந்து கொடுத்தார். படத்துக்கு 50 பவுண்டு, உரிமைக்கு 50 பவுண்டு. அசல் படத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் அடியில் பழைய மெஷின் தெரியுமாம். பிற்பாடு கம்பெனிக்காக அதே படத்தைத் திரும்பத் திரும்ப 24 பிரதி வரைந்தார் மனுஷன்.

ஆக, உலகம் முழுக்கக் கிராமபோன் விற்ற அந்த நாய், அந்தக் கிராமபோன் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை. ஆனாலும் படம் பொய்யாகத் தெரியவில்லை, பாருங்கள். காரணம் கழுத்து. தெரியாத சத்தம் கேட்டால் நாய் தலையை ஒரு பக்கம் சாய்க்கும், காதின் அடிப்பாகம் தூக்கிக்கொள்ளும், நுனி மட்டும் மடங்கி நிற்கும். வீட்டில் நாய் வளர்த்தவனுக்குத்தான் அது வரும். மறுபதிப்பும் நன்றாக இருக்கிறது. ஏ3 அளவு 350 ரூபாய். கனமான தாள், பழுப்பு நிறம் கெடவில்லை. இது உடனே வாங்க வேண்டியது, வாங்கிவிட்டேன்.

பூனை என்றால் இங்கே ஸ்டைன்லென்தான். சுவிட்சர்லாந்தில் பிறந்து பாரிஸில் வாழ்ந்தவர். 1896இல் அவர் போட்ட கறுப்புப் பூனைப் போஸ்டரை எல்லோரும் எங்காவது பார்த்திருப்பார்கள். ஆர்.எஸ்.புரத்துக் காபிக் கடைகளில் பாதி பேர் அதைத்தான் மாட்டுகிறார்கள் என்று தம்பியே சொன்னார். எனக்கு அது அவ்வளவாக ஒட்டவில்லை. முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அதைவிட இரண்டு வருஷம் முந்திய பால் விளம்பரம் ஒன்று அவருடையது இருக்கிறது. சிவப்புக் கவுன் போட்ட சின்னப் பெண் கிண்ணத்தில் பால் குடிக்கிறாள். அவருடைய மகள்தான். காலடியில் மூன்று பூனைகள், மூன்றுக்கும் கண் கிண்ணத்தில். பால் கறக்கும் நேரத்தில் எங்கள் தொண்டுப்பட்டிக்கு, மாடு கட்டும் இடத்துக்கு, வரும் பூனைகள் இப்படியேதான் அண்ணாந்து பார்க்கும். பால் நல்ல பால் என்று எழுதிக் காட்டவே வேண்டியதில்லை. மகளுக்குப் போட்டோ அனுப்பினேன், அரை நிமிஷத்தில் "இது கட்டாயம்" என்று பதில் வந்தது.

குதிரை விஷயத்தில் எனக்கும் தம்பிக்கும் ஒரு சின்னத் தகராறு. க்ளாவுஸ் என்ற சுவிஸ் சாக்லேட்டுக்கு 1903இல் லியோனெட்டோ கப்பியெல்லோ வரைந்த போஸ்டர். கறுப்புப் பின்னணி. அடர் சிவப்புக் குதிரை, அதன்மேல் பச்சை உடையில் ஒரு பெண். சாக்லேட்டுக்கும் குதிரைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. "செவலைக் குதிரை பார்த்திருக்கேன் தம்பி. ரத்தச் சிவப்புல குதிரை எங்க இருக்குது?" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் போஸ்டரை எடுத்துப்போய்க் கடையின் அந்தக் கோடியில் நிறுத்திக் காட்டினார். முப்பது அடி தள்ளி, மங்கலான டியூப் லைட்டில். அறையில் வேறு எதுவும் கண்ணில் படவில்லை, குதிரை மட்டும்தான். சரி, ஒத்துக்கொண்டேன். அந்தக் காலத்தில் ஜனங்கள் சாக்லேட்டின் பெயரை விட்டுவிட்டு "அந்தச் சிவப்புக் குதிரை சாக்லேட்" என்றே கடையில் கேட்டார்களாம். தெருவில் குதிரை வண்டியில் போகிறவன் கண்ணில் ஒரு நொடியில் விழ வேண்டிய படம். அதற்கு என்னுடைய குதிரைச் சாத்திரம் எதற்கு?

ஆனால் மறுபதிப்பில் ஒரு குறை. கடையில் காட்டிய மாதிரியில் இருந்த சிவப்பு, எனக்குப் பிரிண்ட் போட்டுத் தந்ததில் இல்லை. மிளகாய்ப்பொடி பாக்கெட்டின் ஆரஞ்சுக்கு வந்திருந்தது. திருப்பிக் கொடுத்தேன், முகம் சுளிக்காமல் மறுபடி போட்டுத் தந்தார்கள். பத்து நாள் ஆயிற்று. வாங்குகிறவர்கள் மாதிரியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

தீப்பெட்டி லேபிள்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. ஒன்று பத்து ரூபாயில் ஆரம்பம். புலி, யானை, கிளி, மான், சேவல் என்று சிவகாசிப் பக்கத்தில் அச்சான ஒரு மிருகக்காட்சி சாலையே இருக்கிறது. அங்கிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. தொழிலோடு அச்சும் வளர்ந்தது, அச்சோடு இந்த மிருகங்களும் பெருகின. பாயும் குதிரை போட்ட லேபிளைப் பார்த்தால் மட்டும் எனக்குச் சிரிப்பு. முன்னங்கால் இரண்டும் முன்னால் நீட்டி, பின்னங்கால் இரண்டும் பின்னால் நீட்டி, வயிறு தரையோடு பறக்கும். எந்தக் குதிரையும் அப்படி ஓடாது. நான்கு குளம்பும் தரையை விட்டு எழும்பும் நேரம் உண்டுதான், ஆனால் அப்போது கால்கள் வயிற்றுக்கு அடியில் மடங்கி இருக்கும். 1878இல் மைபிரிட்ஜ் என்பவர் கலிபோர்னியாவில் கேமராக்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்து அதைக் காட்டிவிட்டார். அதுவரை பெரிய பெரிய ஓவியர்களும் நீட்டிய காலோடுதான் வரைந்துகொண்டிருந்தார்கள். படம் எடுத்துக் காட்டி இத்தனை காலம் ஆன பிறகும் நம்ம தீப்பெட்டிக் குதிரை காலை மடக்க மாட்டேன் என்கிறது. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ரேக்ளாவுக்கு நின்று பார்த்த எவனுக்கும் இது தெரியும். இருந்தாலும் அந்த லேபிளில் நான்கு வாங்கினேன், பேத்திக்கு.

ஒட்டக சிகரெட் பாக்கெட், கின்னஸ் பீர் விளம்பரத்துப் பெரிய மூக்குப் பறவை, இதெல்லாம்கூட இருக்கிறது. ஜான் கில்ராய் 1930களில் வரைந்த அந்தப் பறவை பார்க்க அழகுதான். ஆனால் பீர் விளம்பரத்தைக் கிளினிக்கில் மாட்டினால் மகள் என்னையே வெளியில் மாட்டிவிடுவாள். ஒட்டகம் விஷயத்தில் ஒன்று மட்டும் சொல்கிறேன். 1913இல் அந்த சிகரெட்டுக்காக சர்க்கஸ் ஒட்டகம் ஒன்றைப் போட்டோ எடுத்தார்களாம். அது அசையாமல் நிற்கவில்லை, பழக்கியவன் மூக்கில் ஒரு தட்டுத் தட்டினான், அது வாலைத் தூக்கிக் கண்ணை மூடியது, அந்த நேரத்தில் எடுத்த போட்டோவைப் பார்த்து வரைந்தது என்று கதை. படத்தில் வால் மேலே நிற்பதைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது.

இனி நான் அதிக நேரம் உட்கார்ந்த இடம். துணி டிக்கெட்.

மான்செஸ்டரிலிருந்து இந்தியாவுக்கு வந்த துணிக் கட்டுகளின் மேல் வண்ணக் காகிதம் ஒட்டி அனுப்புவார்கள், அதற்குத்தான் டிக்கெட் என்று பெயர். உள்ளங்கை அளவிலிருந்து நோட்டுப் புத்தக அளவு வரை. யானை, புலி, மயில், காளை, சாமி படம். வாங்குகிறவனுக்கு இங்கிலீஷ் தெரியாது, பாதிப் பேருக்குத் தமிழும் படிக்கத் தெரியாது. எங்கள் அப்பாரு கைநாட்டுதான். கடையில் போய் "யானை மார்க்குல அரை உருப்படி" என்பார், யானை தும்பிக்கையைத் தூக்கி இருக்கிறதா தொங்கவிட்டிருக்கிறதா என்று பார்த்துத்தான் காசை அவிழ்ப்பார். தொங்கவிட்டிருந்தால் அது வேறு கம்பெனி, துவைத்தால் சுருங்கும். அவருக்கு அந்த யானைதான் எழுத்து. இங்கே கோவையில் 1888இல் ஸ்டேன்ஸ் மில் வந்து, 1930களில் பைக்காரா மின்சாரத்துக்குப் பிறகு மில்கள் பெருகியபோது நூல் கட்டுகளின் மேலும் இதே மாதிரி மார்க் ஏறியது.

டிக்கெட்டைப் பெரியவர் ஒவ்வொன்றாகத் தட்டில் எடுத்து வைத்தார். நான் சட்டைப் பையிலிருந்து என் லென்ஸை எடுத்தேன். உண்ணி பார்க்க வாங்கிய லென்ஸ், வேலை போனாலும் அது போகவில்லை. அதன் வழியாகப் பார்த்தால் இன்றைய ஆப்செட் அச்சில் நான்கு நிறப் புள்ளிகள் வரிசை பிசகாமல் பூக்கோலம் போட்டிருக்கும். இந்த டிக்கெட்டில் அப்படி இல்லை. புள்ளி ஒன்று பெரிது, ஒன்று சிறிது, ஓர் இடத்தில் நெருக்கம், ஓர் இடத்தில் விட்டுவிட்டு. ஒருவன் உட்கார்ந்து கையால் வைத்த புள்ளிகள். ஜெர்மனியில் செனஃபெல்டர் 1790களின் கடைசியில் கண்டுபிடித்த கல்லச்சு முறை. சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு மையால் வரைந்து, கல்லை நனைத்து, மை உருட்டுவது. தண்ணீர் இருக்கும் இடத்தில் மை ஒட்டாது, அவ்வளவுதான் சூட்சுமம். ஆனால் ஒரு நிறத்துக்கு ஒரு கல். எட்டு நிறம் என்றால் எட்டுக் கல், எட்டு முறை அதே தாள், ஒரு மயிரிழை விலகினால் புலிக்கு இரண்டு மீசை. நான் பார்த்த புலிக்கு இடது பக்கம் இரண்டு மீசைதான் இருந்தது.

யானைகள்தான் மோசம். ஒன்றில் தந்தம் கீழ்த்தாடையிலிருந்து முளைக்கிறது. இன்னொன்றுக்கு முழங்கால் குதிரை மாதிரி. யானையைக் கண்ணால் பார்க்காமலே யானை மார்க் வரைந்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அப்பாரு அதை மன்னித்திருப்பார், தும்பிக்கை சரியாக இருந்தால் போதும். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. டிக்கெட் ஒன்று 600 ரூபாய் சொன்னார், இரண்டு மீசைப் புலியை 450க்கு முடித்தேன்.

இப்போது வழக்கு. முதல் தடவை போனபோது காளை போட்ட தகர போர்டு ஒன்றை, "அம்பது வருஷத்துச் சரக்குங்க" என்ற பேச்சை நம்பி 4,500 கொடுத்து வாங்கினேன். வீட்டில் துடைக்கும்போது துரு துணியில் ஆரஞ்சுப் பொடியாக வந்தது. பழைய துரு அப்படி வராது, கறுத்து இறுகி இருக்கும். ஆணி ஓட்டையைப் பார்த்தேன். வருஷக்கணக்கில் சுவரில் தொங்கிய போர்டு என்றால் ஓட்டையின் மேல் விளிம்பு தேய்ந்திருக்கும், ஆணித் தலை அழுத்திய வட்டம் இருக்கும். இதில் ஓட்டை வட்டமாக, நேற்றுப் போட்டது போல இருந்தது. ஆசிட் ஊற்றிக் கிழவனாக்கிய போர்டு. திரும்பக் கொண்டுபோனேன். பெரியவர் வெளியூர் வியாபாரியிடம் தானும் ஏமாந்ததாகச் சொன்னார், இருக்கலாம். 4,000 ரூபாயைக் கையில் கொடுத்து, "மிச்சத்துக்கு லேபிள் எடுத்துக்குங்க சார்" என்றார். ஏமாந்தவன் எதற்கு லேபிள் எடுக்க வேண்டும்? எடுத்தேன், வேறு வழியில்லை. எனாமல் போர்டில் இந்தத் தில்லுமுல்லு கடினம். சூளையில் வைத்துச் சுட்ட கண்ணாடிப் பூச்சு அது, விரலை ஓட்டினால் ஒவ்வொரு நிறமும் மேடாகத் தட்டும். ஆனால் விலை பத்தாயிரத்துக்கு மேல்.

பிரேம் வேலையும் சுமார். துணி டிக்கெட்டைச் சட்டத்துக்குப் பொருத்தும்போது அடி ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த அச்சகக் குறிப்பை வெட்டிவிட்டார்கள். எங்கே, யார் அச்சடித்தது என்று சொன்ன ஒரே வரி அது. பிரேமை வெளியில் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசித் தடவை போனபோது பெரியவர் காலண்டர் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். கோவில்பட்டிப் பாணி சாமி படங்கள், அதாவது ஓவியர் கொண்டைய ராஜுவும் அவருடைய சீடர்களும் போட்ட வழி. முருகன், மயில், லட்சுமி, யானை. நடுவில் ஒரு படம். பஞ்சு மண்டி ஒன்று தன் வாடிக்கையாளருக்குக் கொடுத்த காலண்டர், தேதித் தாள் இல்லை, மண்டியின் பெயரும் ஓவியரின் பெயரும் இருந்த அடிப்பாகம் கிழிந்துபோயிருந்தது. சாமி இல்லை. கிளுவை வேலி, பக்கத்தில் மாடும் கன்றும். மாடு மயிலை, சாம்பல் கலந்த வெள்ளை. கொம்பு பக்கவாட்டில் விரிந்து, பின்னால் வளைந்து, நுனி உள்ளே திரும்புகிறது. கொண்டையிலிருந்து வால் வரை ஒரு கோடுகூடப் பிசகில்லை. காங்கயம் மாடு.

"அது வேண்டாங்க சார், பிரிண்ட் மிஸ்டேக். கன்னுக்குக் கலர் மாறிப்போச்சு. தாய் வெள்ளையா இருக்குது, கன்னு செவப்பா விழுந்திருக்குது பாருங்க. முந்நூறு குடுத்தா போதும்."

நான் வாயைத் திறக்கவில்லை. முந்நூறை ஜிபேயில் போட்டு, சத்தம் கேட்ட பிறகு சொன்னேன். காங்கயம் கன்று பிறக்கும்போது செவலையாகத்தான் இருக்கும், ஆறு மாதம் போலத்தான் மயிலைக்கு மாறும் என்று. பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை வாங்கி ஒரு தடவை பார்த்தார். மகனைக் கூப்பிட்டு, "அந்தக் கட்டுல இதே மாதிரி இன்னொண்ணு இருந்துச்சே, அதை உள்ள வை" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. மற்ற நாளில் பதினொன்றுக்கு மேல் போங்கள், மதியம் சாப்பாட்டுக்குப் பூட்டிவிடுவார்கள். கார் கொண்டுபோனால் உக்கடத்தில் விட்டுவிட்டு நடப்பது நல்லது. படி செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் யோசியுங்கள். மறுபதிப்புக்குத் தைரியமாகப் போகலாம். தகர போர்டு வாங்கினால் ஓட்டையைப் பார்த்து வாங்குங்கள்.

நாயும் பால் குடிக்கும் பெண்ணும் இப்போது கிளினிக்கின் உள் அறையில் இருக்கிறார்கள். காலண்டர் மாடு வாசலுக்கு நேர் எதிரே. போன வாரம் பெருந்தொழுவிலிருந்து ஒருவர் ஆட்டைக் கூட்டிக்கொண்டு வந்தார். முறை வரும் வரை அந்தப் படத்தின் முன்னால் நின்றார், துண்டைத் தோளில் மாற்றிப் போட்டார், கிட்டப் போய்க் கன்றின் முதுகைப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, இந்தக் கன்னுக்கு இன்னும் நாலு மாசம் ஆகலையாட்ட இருக்குதே. மாடு குடுக்கறாங்களா?"